சிராய்ப்பின் விலை

கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் கைப்பை ஏலக் கேட்டலாக்கில் ஒவ்வொரு பைக்கும் ஒரு நிலை எண் போட்டிருப்பார்கள். 1 முதல் 6 வரை. 1 என்றால் பை கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பூட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்காமல் விட்டிருக்கலாம். எண் கூடக் கூட, அந்தப் பை யாரோ ஒருவருடைய கையிலும் மடியிலும் புழங்கியிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே சின்னதாக ஒரு நிலை அறிக்கையும் இருக்கும். மூலைகளில் லேசான தேய்வு, கைப்பிடியில் கறுப்பேறியிருக்கிறது, உள்பக்கம் பேனா மை, கொக்கியில் நுண்கீறல்கள்.

இந்த ஏலங்களில் நான் எதுவும் வாங்கியதில்லை. என் சம்பளத்துக்கு அது நடக்கப்போவதும் இல்லை. ஆனால் கேட்டலாக்குகளை விடாமல் படிக்கிறேன், நேரலை வந்தால் உட்கார்ந்து பார்க்கிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, ஒரு பொருளின் விலை எங்கிருந்து வருகிறது என்பதில் தீராத ஆர்வம். தங்கத்தின் விலையை எடைபோட்டுச் சொல்லிவிடலாம். வீட்டு மனைக்குத் தெருவும் சதுர அடியும் உண்டு. ஒரு தோல் பைக்கு ஒரு ஃபிளாட்டின் விலை எப்படி வந்தது? இதற்கான விடையைத் தேடப்போய், நிலை அறிக்கைகளின் வாசகியாகிவிட்டேன்.

அங்கே கண்ட விசித்திரம் இதுதான். ஏலக்கூடத்தில் ஒவ்வொரு கீறலும் விலையைக் குறைக்கிறது. பயன்படுத்தவே படாத பைதான் உச்சத்துக்குப் போகிறது. அப்படியிருக்க, இன்றுவரை மிக அதிக விலைக்குப் போன கைப்பை தேய்ந்து, கசங்கி, ஸ்டிக்கர் ஒட்டி உரித்த தடத்தோடு வந்த ஒன்று.

முதலில், இந்த ஏலங்களில் அதிகம் பேசப்படும் பைகளைச் செய்கிற எர்மெஸ் கடையைப் பார்ப்போம். 1837ல் தியரி எர்மெஸ் என்பவர் பாரிஸில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியதுதான் எர்மெஸ். இன்றும் அங்கே பர்க்கின், கெல்லி என்ற தங்கள் இரண்டு பிரபலக் கைப்பைகளைச் சேணத் தையலில்தான் தைக்கிறார்கள். தேன்மெழுகு தடவிய லினன் நூல், இரண்டு ஊசி, ஒரே துளைக்குள் இருபுறமிருந்தும் இழுப்பது. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். ஒரு பையை ஒரே கைவினைஞர் கிட்டத்தட்ட முழுவதுமாகச் செய்கிறார். இப்படிச் செய்தால் தேவைக்கேற்ப உற்பத்தியைக் கூட்ட முடியாது என்பது நிறுவனத்தின் வாதம். கூட்ட விரும்பவில்லை என்பது என் வாதம். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

விளைவு, பணத்தோடு கடைக்குள் போனாலும் பர்க்கின் கிடைக்காது. முதலில் ஸ்கார்ஃப், செருப்பு, பீங்கான் தட்டு என்று வாங்கிக் கடைக்காரரின் மனத்தில் இடம்பிடிக்க வேண்டும். பிறகொரு நாள் 'உங்களுக்காக ஒன்று வந்திருக்கிறது' என்று அழைப்பு வரும் என்பது வாடிக்கையாளர்கள் சொல்லும் கதை. இதை எதிர்த்து 2024ல் கலிபோர்னியாவில் சிலர் வழக்கே போட்டார்கள். ஒரு பொருளை வாங்க இன்னொன்றைத் தலையில் கட்டுகிறார்கள் என்பது புகார். 2025ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

ஏலச் சந்தை இந்த இடத்தில்தான் முளைத்தது. கடையில் கெஞ்ச வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும். அதனால்தான் நேற்றுக் கடையில் வாங்கிய பை இன்று ஏலத்தில் கடை விலையைவிட அதிகத்துக்குப் போக முடிகிறது. கூடுதல் தொகை தோலுக்கான விலையில்லை. காத்திருப்பைத் தவிர்ப்பதற்கான விலை. சேகரிப்பாளர் என்ற சொல்லுக்குள் அடங்கும் பலர் உண்மையில் பொறுமையில்லாத பணக்காரர்கள் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். குறையாகச் சொல்லவில்லை. பொறுமைக்கும் ஒரு விலை இருக்கத்தானே செய்கிறது.

ஏல நிறுவனங்கள் கைப்பையை முதலில் மதிக்கவில்லை. உடைகள், பழைய ஆடம்பரப் பொருட்கள் என்ற பொதுத் தலைப்பில் ஓரமாக வரும். 2010ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து ஹெரிடேஜ் நிறுவனம் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. 2011 டிசம்பரில் வைரம் பதித்த சிவப்பு முதலைத்தோல் பர்க்கின் ஒன்று அங்கே 2,03,150 டாலருக்குப் போனதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2014ல் ஹெரிடேஜின் கைப்பை நிபுணர்களைக் கிறிஸ்டீஸ் அழைத்துக்கொண்டது. ஹெரிடேஜ் வழக்குப் போட்டது. ஓவியத்துக்கோ வைரத்துக்கோ நடக்கிற மாதிரி கைப்பை நிபுணருக்காக இரண்டு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின என்பதே, சந்தை வளர்ந்துவிட்டதற்கு நல்ல சான்று.

பிறகு மையம் ஹாங்காங்குக்கு நகர்ந்தது. விற்பனை வரி இல்லாத ஊர். வாங்கும் ஆசையும் வசதியும் உள்ளவர்கள் சில மணி நேரப் பறப்புத் தூரத்தில். 2016ல் கிறிஸ்டீஸ் அங்கே 'ஹிமாலயா' பர்க்கின் ஒன்றைச் சுமார் 3 லட்சம் டாலருக்கு விற்றது. 2017ல் இன்னொரு ஹிமாலயா 3,80,000 டாலரை ஒட்டிப் போனது. 2021 நவம்பரில் ஹிமாலயா கெல்லி ஒன்று 5 லட்சம் டாலரைத் தாண்டியது. மூன்றுமே வெள்ளைத் தங்கத்தில் வைரம் பதித்த பூட்டும் கொக்கியும் கொண்டவை. பெயரில்தான் இமயம், தோல் ஆப்பிரிக்காவின் நைல் முதலையுடையது. ஓரங்களில் சாம்பல், நடுவே போகப் போகப் பனி வெள்ளை. முதலைத்தோலின் இயற்கை நிறத்தைப் படிப்படியாக நீக்கி இந்தச் சாயலைக் கொண்டுவருவது மிகச் சிரமமான வேலை. இருண்ட நிறத்தில் ஒளிந்துகொள்ளும் தழும்பு இதில் ஒளிய முடியாது.

ஹாங்காங் போயிருந்தபோது ஓர் ஏலத்தின் முன்காட்சிக்குப் போனேன். இலவசம்தான், யாரும் போகலாம். கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஹிமாலயாவைக் காட்டச் சொன்னதும் அங்கிருந்த பெண் தயங்காமல் எடுத்து வைத்தார். நான் வாங்குகிற ஆளில்லை என்பது என் செருப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பையைத் திறந்தால் உள்ளே ஆட்டுத்தோல் உறை, மடிப்புக் குலையாத மெல்லிய தாள், வேறு எதுவுமில்லை. ஒரு ரசீது, ஒரு ஹேர்பின், ஒரு மிட்டாய்த் தாள் கிடையாது. வாசனைகூடக் கடை வாசனை. அழகான பொருள்தான். ஆனால் அதைப் பை என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. எதையும் சுமக்காத ஒன்றை எப்படிப் பை என்பது?

சேகரிப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய ரசனை வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். உண்மையான சேகரிப்பாளர் பையைத் திறந்ததும் தேடுவது எழுத்தை. எர்மெஸ் பைகளில் செய்த ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்தைத் தோலில் அழுத்தியிருப்பார்கள். 1971 முதல் 1996 வரை அந்த எழுத்து வட்டத்துக்குள். 1997 முதல் 2014 வரை சதுரத்துக்குள். 2015 முதல் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. குதிரை லாடக் குறி இருந்தால் ஒருவர் தனக்கென நிறம் சொல்லிச் செய்வித்த பை. நிறுவனப் பெயருக்குப் பக்கத்தில் கூரை மாதிரி ஒரு சிறு குறி இருந்தால் உவர்நீர் முதலை, இரண்டு புள்ளி இருந்தால் நைல் முதலை, சின்னச் சதுரம் இருந்தால் அலிகேட்டர். இந்தக் குறிகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் பாதி தேறியிருக்கிறேன்.

தோல்களும் அப்படித்தான். டோகோ, எப்சம், பாக்ஸ், பாரேனியா, ஸ்விஃப்ட். ஆட்டுத்தோலில் 'ஷெவ்ர் மைசூர்' என்று ஒன்று, 'ஷெவ்ர் கோரமண்டல்' என்று ஒன்று. நம் கரையின் பெயரைப் பாரிஸ் ஏல அறிக்கையில் முதல்முறை பார்த்தபோது ஒரு சின்னப் பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை. பாக்ஸ் தோல் கண்ணாடிபோலப் பளபளக்கும், நகம் பட்டாலே கோடு விழும், தண்ணீர் பட்டால் கொப்புளிக்கும். எப்சம் அழுத்தி வார்த்தது, உருவம் குலையாது. வயதான பாக்ஸ் தோலில் படியும் மென்மையான மினுக்கை விரும்பி, நிலை எண் 3, 4 உள்ள பழைய கெல்லிகளையே தேடி வாங்கும் ஒரு சிறு கூட்டமும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டம்.

போலிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு கோணலான தையலை வைத்துப் போலியைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அளவுக்கு மீறிய நேர்த்தி இருந்தால் சந்தேகப்படுகிறார்கள். கையால் போட்ட தையலில் லேசான சாய்வு இருக்கும், இயந்திரத்தில் அது வராது. இதையும் மிஞ்சிய கதை ஒன்று உண்டு. 2020ல் பாரிஸ் நீதிமன்றத்தில் போலிப் பர்க்கின் செய்து விற்றதாகப் பத்துப் பேர் விசாரணைக்கு வந்தார்கள். அவர்களில் எர்மெஸின் முன்னாள் ஊழியர்களும் இருந்தார்கள். அதே கை, அதே பயிற்சி, அதே தையல். தோல் மட்டும் வேறு வாசல் வழியாக வந்தது. அந்தப் பைகளைப் போலி என்று சட்டம் சொல்வது சரிதான். நிலை அறிக்கை எழுதுகிற நிபுணர் எதை வைத்துச் சொல்வார் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

இனிக் கணக்கு. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை வேறு, வாங்குபவர் கட்டும் தொகை வேறு. நகைக்கடையில் பவுன் விலை கேட்டுவிட்டுப் போய் பில்லில் செய்கூலி சேதாரத்தைப் பார்த்து விழிப்போமே, அதேதான். 2025ல் பெரிய நிறுவனங்களில் சுத்தியல் விலைக்கு மேல் 26, 27 சதவீதம் வாங்குபவரிடம் கட்டணமாக வாங்கினார்கள். தொகை மிகப் பெரிதானால் விகிதம் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் அந்தந்த நாட்டு வரி, சுங்கம், அனுப்பும் செலவு. முதலைத்தோல் என்றால் எல்லை தாண்ட அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் அனுமதிச் சீட்டும் வேண்டும். அது இல்லாமல் வந்த பை சுங்கத்தில் பறிபோகலாம்.

இந்த இடத்தில் 'பர்க்கின் தங்கத்தைவிட நல்ல முதலீடு' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 2016ல் வந்த ஓர் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள்; 35 ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 14.2 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அது சொன்னது. வெளியிட்டது யாரென்று பார்த்தால், பர்க்கின் பைகளை விற்கும் ஒரு நிறுவனம். காய் விற்பவர் சொல்லும் ருசிக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. கணக்கை நாமே போடலாம். சுத்தியல் விலை 100 என்றால் 126 கட்டுகிறோம். திரும்ப விற்கும்போது ஏல நிறுவனம் விற்பவரிடம் 10 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட 126 கைக்கு வர சுத்தியல் 140ல் விழ வேண்டும். அதாவது 40 சதவீதம் ஏறினால்தான் நஷ்டமில்லை. லாபம் அதற்குப் பிறகு. அதுவரை பையைத் தொடவும் கூடாது, நிலை எண் போய்விடும். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் அலமாரியில் வைத்தால் பூஞ்சை பூத்து, தொடாமலே எண் போய்விடும்.

தொடாத பை என்பது ஒரு வகைப் பணம். மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018 மே மாதம், தேர்தலில் தோற்ற முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் குடும்பத்தோடு தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட கோலாலம்பூர் வீடுகளில் போலீஸ் சோதனை நடந்தபோது, பெட்டி பெட்டியாகக் கைப்பைகள் வெளியே வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எர்மெஸ் மட்டும் 272, மதிப்பு 5 கோடியே 13 லட்சம் ரிங்கிட் என்று போலீஸ் அறிவித்தது. அந்த வழக்கின் சட்டப் பக்கத்துக்கு நான் போகவில்லை. ரொக்கம், நகை, கைக்கடிகாரம் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் கைப்பையையும் வைத்துப் போலீஸ் விலை சொன்னது என்பதுதான் என் கவனத்தில் நின்றது.

இப்போது ஜேன் பர்க்கின். இங்கிலாந்தில் பிறந்து பிரான்சில் புகழ்பெற்ற நடிகை, பாடகி. பர்க்கின் பைக்குப் பெயர் வந்தது இவரால்தான்.

பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பறந்த விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் புலம்பினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அவருடைய கூடையிலிருந்து சாமான்கள் கொட்டின; குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு உதவுகிற ஒரு பை கிடையாதா என்றார். பக்கத்து இருக்கைக்காரர் எர்மெஸின் தலைவர் ஜான் லூயி துமா. 1980களின் நடுவில் தனக்காகச் செய்த முதல் பையைப் பத்தாண்டுபோல ஜேன் பர்க்கின் கையிலேயே வைத்திருந்தார். வைரம் இல்லை, முதலை இல்லை. கறுப்புத் தோல், பொன்முலாம் பூசிய பித்தளை, மூடியில் ஜே.பி. என்ற முதலெழுத்து, கழற்ற முடியாத தோள்வார், உள்ளே தொங்கும் ஒரு நகவெட்டி. எப்போதும் கையில் இருக்கட்டும் என்று அதைக் கட்டிவிட்டிருந்தார். உதவி அமைப்புகளின் ஸ்டிக்கர்களை அதன் மேலேயே ஒட்டினார். வாய் பிளக்கும்வரை சாமான் திணித்தார்.

1994ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான நிதிக்காக அந்தப் பையை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். 2000ல் இன்னோர் ஏலத்தில் பாரிஸ் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கி 25 ஆண்டுகள் வைத்திருந்தார். ஜேன் பர்க்கின் 2023 ஜூலையில் காலமானார். 2025 ஜூலை 10 அன்று பாரிஸில் சாத்பீஸ் அதை ஏலத்துக்கு விட்டது.

நேரலையைச் சென்னையில் உட்கார்ந்து பார்த்தேன். 10 லட்சம் யூரோவில் தொடங்கியபோதே கூடத்தில் ஒரு சலசலப்பு. சுமார் பத்து நிமிடம் இழுத்தது. தொலைபேசி வழியாக வந்த ஒரு ஜப்பானியக் குரலுக்கு 70 லட்சத்தில் சுத்தியல் விழுந்தது. கட்டணம் சேர்த்து ஏறக்குறைய 86 லட்சம் யூரோ, டாலரில் ஒரு கோடிக்கு மேல். பழைய உச்சம் ஐந்து லட்சத்துச் சொச்சம் டாலர். அதைப்போல இருபது மடங்கு! படியேறிப் போன விலையில்லை இது, மாடிக்கு எகிறிப் போனது.

ஹிமாலயாவை வாங்கியவர் மூலையில் ஒரு தேய்வு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார். இங்கே ஸ்டிக்கர் ஒட்டி உரித்த தடத்தைக் கேட்டலாக்கே பெருமையாக எழுதியது. தடம் அதேதான், யாருடைய கை என்பதுதான் வேறு. 2011ல் மார்கரெட் தாட்சரின் ஆஸ்ப்ரே கறுப்புக் கைப்பை லண்டனில் கிறிஸ்டீஸில் நடந்த ஒரு நன்கொடை ஏலத்தில் 25,000 பவுண்டுக்குப் போனபோதும் இதே விதிதான். பெயர் தெரியாதவருடைய தேய்மானம் பழுது. பெயர் தெரிந்தவருடைய தேய்மானம் வரலாறு. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. எத்தனையோ பெண்கள் இருபது வருடம் வேலைக்குத் தூக்கிப்போன கெல்லிகள் 'நிலை 5' என்று கேட்டலாக்கின் கடைசிப் பக்கங்களில் கிடக்கின்றன. அவற்றின் கைப்பிடிக் கறுப்புக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். அதை எழுதத்தான் ஆளில்லை.

இன்னொரு முரணும் உண்டு. தோலுக்காக முதலைகள் கொல்லப்படும் விதம் பற்றி விலங்குரிமை அமைப்பு ஒன்று காணொளி வெளியிட்டதும், முதலைத்தோல் பைகளிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி 2015ல் ஜேன் பர்க்கின் கேட்டார். நிறுவனம் விசாரித்துப் பதில் சொன்ன பிறகு சமாதானமானார். அவர் ஒரு கட்டத்தில் வேண்டாம் என்ற பைகள்தான் அவர் பெயரில் ஏலச் சாதனை படைத்துக்கொண்டிருந்தன. கடைசியில் அந்தச் சாதனைகளை எல்லாம் ஓரம் கட்டியது அவர் கையிலிருந்த கறுப்புப் பை.

வாங்கியது ஜப்பானின் வேல்யூயன்ஸ் என்று பிறகு தெரிந்தது. பழைய ஆடம்பரப் பொருட்களை வாங்கி விற்பதே அந்த நிறுவனத்தின் தொழில். தலைவர் ஷின்சுகே சகமோட்டோ ஒரு காலத்தில் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். இதை மறுபடி விற்கப்போவதில்லை, மக்கள் பார்க்க வைக்கும் எண்ணம் என்றார். விற்பதே தொழிலாக உள்ள ஒருவர் ஒன்றை மட்டும் விற்கமாட்டேன் என்கிறபோது அதை விளம்பரச் செலவு என்று சொல்ல என் கணக்குப் புத்தி துடிக்கிறது. அப்படியே இருந்தாலும் மலிவான விளம்பரம்தான். உலகம் முழுக்கப் பேர் போனதே.

ஜேன் பர்க்கினிடம் முதல் பைக்குப் பிறகு இன்னும் நான்கு பர்க்கின்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் உழைக்கவைத்துவிட்டு நல்ல காரியத்துக்காகக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று 2025 டிசம்பரில் அபுதாபியில் சாத்பீஸ் ஏலத்துக்கு வந்தது. உள்ளே அவரே வெள்ளி மையில் ஒரு வரி எழுதியிருந்தார், இந்தப் பை தன்னோடு உலகம் சுற்றியது என்று. சாதாரண நிலை அறிக்கையில் அது 'உள்பக்கம் பேனா மை' என்ற குறைக்கணக்கில் போயிருக்கும். மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி ஏறத்தாழ 29 லட்சம் டாலருக்குப் போனது.

முதல் பை என்ற பட்டம் இதற்குக் கிடையாது, மாதிரிப் பையும் இல்லை. மற்றபடி கடையில் கிடைக்கும் அதே வகைதான். அதனால் எனக்கு முதல் ஏலத்தைவிட இந்த இரண்டாவது ஏலம்தான் முக்கியமாகப் படுகிறது. மீதமிருப்பவை வெளியே வரும்போது அவற்றின் நிலை அறிக்கையை யார் எழுதுவார்கள், எந்தக் கீறலை எந்தப் பத்தியில் போடுவார்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.